மாலைக்கண்ணும் குடும்பப் பதிவேடும்

பகல் வெளிச்சத்தில் ஊசியில் நூல் கோக்கத் தடுமாறாத ஒருவர், விளக்கேற்றும் நேரம் வந்ததும் வாசற்படியைக் காலால் துழாவித் தேடும் நிலையை மாலைக்கண் என்று தமிழ்நாடு நெடுங்காலமாக அறிந்திருக்கிறது. அதற்கு முருங்கைக்கீரையும் பொன்னாங்கண்ணியும் ஆட்டு ஈரலும் மருந்து என்பதும் வீட்டுப் பெரியவர்களின் வாயிலிருந்தே வருகிறது. இந்தக் கைவைத்தியத்தில் தவறில்லை. உணவில் வைட்டமின் ஏ குறைவதால் வரும் மாலைக்கண்ணுக்கு அது நேரடியான தீர்வு. ஆனால் கீரையும் ஈரலும் முட்டையும் குறைவின்றிக் கிடைக்கும் வீட்டிலும், அண்ணனுக்கு இருந்த அதே தடுமாற்றம் தம்பிக்கும், சில ஆண்டுகள் கழித்துச் சித்தப்பா மகனுக்கும் தெரியத் தொடங்கினால், அங்கே பேச வேண்டியது உணவைப் பற்றியல்ல, வம்சத்தைப் பற்றி. காவிரிக் கழிமுகத்தில், நாகப்பட்டினம், மயிலாடுதுறை, திருவாரூர் மாவட்டங்களுக்கு நடுவே புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் துண்டு நிலமாகக் கிடக்கும் காரைக்காலைப் போன்ற, உறவுக்குள்ளேயே பெண் எடுத்தும் கொடுத்தும் பழகிய ஊரில் இந்தப் பேச்சுக்குத் தனி முக்கியத்துவம் உண்டு.

கண்ணின் உள்சுவரில் படர்ந்திருக்கும் விழித்திரையில் ஒளியை உணரும் உயிரணுக்கள் இரண்டு வகை. நிறத்தையும் நுணுக்கத்தையும் காட்டும் கூம்பு உயிரணுக்கள் ஏறத்தாழ 60 லட்சம். அவை பெரும்பாலும் விழித்திரையின் நடுவில் நெருங்கி நின்று பகலில் வேலை செய்கின்றன. மங்கிய ஒளிக்கென அமைந்த கோல் உயிரணுக்கள் ஏறத்தாழ 12 கோடி. அவை நடுப்புள்ளியை விட்டுச் சுற்றுப்புறமெங்கும் பரவியுள்ளன. கோல்களுக்குள் ரோடாப்சின் என்னும் புரதம் இருக்கிறது. வைட்டமின் ஏ-யிலிருந்து உருவாகும் ரெட்டினல் என்ற சிறு மூலக்கூறு அதனுடன் இணைந்திருந்தால்தான் ஒளி பட்டதும் நரம்புச் செய்தி பிறக்கும். ஒளி பட்ட கணத்தில் அந்த மூலக்கூறு வடிவம் மாறிக் கழன்றுவிடுவதால், விழித்திரைக்குப் பின்னால் அடுக்காக நிற்கும் நிறமி உயிரணுக்கள் அதை வாங்கிப் பழைய வடிவுக்குத் திருப்பி மீண்டும் கோல்களுக்கு அனுப்புகின்றன. வெயிலிலிருந்து திருநள்ளாறு கோயிலின் உட்பிராகாரத்துக்குள் நுழைபவருக்கு முதலில் ஒன்றும் புலப்படாமல், பிறகு தூண்களும் அடுத்தவர் முகமும் மெல்லத் துலங்குவதற்கு இந்தச் சுழற்சியே காரணம். கோல்கள் முழுத் திறனை எட்ட அரைமணி நேரத்துக்கும் மேல் ஆகும். இச்சுழற்சியின் அடிப்படையைக் கண்டறிந்ததற்காக ஜார்ஜ் வால்டு 1967-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

உணவுக் குறையால் வரும் மாலைக்கண்ணையும் மரபால் வரும் மாலைக்கண்ணையும் இங்கிருந்தே பிரித்தறியலாம். முதல் வகையில் சரக்கு வரவில்லை. இரண்டாம் வகையில் பத்தாயம் நிறைய நெல் இருந்தும் அரவை ஆலை பழுதாகிக் கிடக்கிறது; எத்தனை மூட்டையைக் கொண்டுவந்து இறக்கினாலும் அரிசி கிடைக்காது. முதல் வகைக்கு எதிரான போரில் காவிரி மண்ணுக்கும் ஒரு பங்கு உண்டு. 1990-இல் வெளியான ஓர் ஆய்வில், மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைச் சேர்ந்த குழுவினர் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் 15,000-க்கும் மேற்பட்ட சிறு குழந்தைகளைப் பின்தொடர்ந்து, வாரந்தோறும் சிறிதளவு வைட்டமின் ஏ பெற்ற குழந்தைகளிடையே இறப்பு பாதிக்கும் மேல் குறைந்ததைக் காட்டினர். இத்தகைய முயற்சிகளும் 1970 முதல் நாடு முழுவதும் நடைபெறும் வைட்டமின் சொட்டு மருந்துத் திட்டமும் சேர்ந்து, விழிவெண்படலத்தில் நுரைத்திட்டு படர்ந்த குழந்தையின் முகத்தை அரிதான காட்சியாக்கிவிட்டன. அந்த வெற்றியின் நிழலிலேயே ஒரு சிக்கலும் வளர்ந்தது: மாலைக்கண் என்றதும் மாத்திரை என்ற பழக்கம் ஊன்றிவிட்டதால், மரபுவழி நோயுள்ள சிறுவர்கள் ஆண்டுக்கணக்கில் கீரையும் மாத்திரையும் உண்டு, பலன் காணாமல், அதற்குள் பார்வைப் பரப்பின் பெரும்பகுதியை இழந்த பின்னரே கண் மருத்துவரிடம் வந்து சேர்கின்றனர்.

மரபுவழி விழித்திரை நோய்களில் மிகுதியாகக் காணப்படுவது ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா. மருத்துவமனை வழக்கில் ஆர்.பி. இதில் கோல் உயிரணுக்கள் முதலில் செயலிழந்து பின்பு மடிகின்றன, அவற்றைத் தொடர்ந்து காலப்போக்கில் கூம்புகளும் நலிகின்றன. கோல்கள் சுற்றுப்புறத்தில் இருப்பதால் இழப்பும் ஓரத்திலிருந்தே தொடங்குகிறது. நேரே பார்க்கும் முகம் தெளிவாகத் தெரியும். பக்கவாட்டில் நீட்டப்பட்ட காப்பித் தம்ளர் தெரியாமல் கை பட்டுச் சிந்தும். எதிரே வந்தவரைக் கண்டு வணங்கியவர், தோளருகே நின்றவரைக் கடந்து போய்விட்டுத் தலைக்கனம் பிடித்தவர் என்ற பெயரை வாங்குவார். வரப்பில் நடப்பவருக்கு மடைவாய் தெரியாது. விடியலுக்கு முன் கடலுக்குப் போகும் படகில் காலடியில் கிடக்கும் கயிறு தெரியாது. கண் மருத்துவர் உள்நோக்குக் கருவியால் பார்க்கும்போது இரத்த நாளங்கள் மெலிந்தும், நரம்பு முகப்பு மெழுகுபோல வெளிறியும், விழித்திரையின் ஓரங்களில் எலும்புச் சிம்புகளைச் சிதறவிட்டாற்போலக் கருநிறத் திட்டுகள் படர்ந்தும் இருப்பது தெரியும். அந்தக் கருவியை எல்ம்ஹோல்ட்சு 1851-இல் உருவாக்கிய சில ஆண்டுகளுக்குள்ளேயே இந்நோய் தனி நோயாக அடையாளம் பெற்றுவிட்டது.

உலக அளவில் ஏறத்தாழ 4,000 பேரில் ஒருவருக்கு ஆர்.பி. இருப்பதாகப் பாடநூல்கள் கூறுகின்றன. சென்னையிலும் அதைச் சூழ்ந்த கிராமங்களிலும் 40 வயதைக் கடந்தோரைப் பரிசோதித்த சங்கர நேத்ராலயா ஆய்வாளர்கள் 2008-இல் வெளியிட்ட கணக்கோ, நகரத்தில் 930 பேரில் ஒருவர், கிராமத்தில் 372 பேரில் ஒருவர் என்கிறது. வயது வரம்பு உள்ள கணக்கை அப்படியே மொத்த மக்கள்தொகைக்கும் பொருத்துவது முறையன்று. எனினும் இந்த இடைவெளியை வயது ஒன்றாலேயே விளக்கிவிடவும் முடியாது.

மரபுவழி மாலைக்கண்ணின் வரலாற்றில் மிகப் புகழ்பெற்ற குடும்பம் பிரான்சின் தென்பகுதியைச் சேர்ந்தது. 1637-இல் பிறந்த ழான் நூகாரே என்ற இறைச்சிக் கடைக்காரர் மோன்பெலியே நகருக்கு அருகிலுள்ள வாந்தெமியான் சிற்றூரில் குடியேறினார். அவருக்கு இரவில் கண் தெரியாது. அவருடைய வழித்தோன்றல்களில் தலைமுறைதோறும் சிலர் அதே குறையோடு பிறந்தனர். 1838-இல் குனியே என்ற மருத்துவர் இரு நூற்றாண்டுக் கால வம்சாவளியைத் திரட்டி வெளியிட்டார். 1907-இல் ஆங்கிலேயக் கண் மருத்துவர் எட்வர்டு நெட்டில்ஷிப் அதை 2,000-க்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் கொண்ட பெருமரமாக விரித்தார். குறையுள்ளவரின் பிள்ளைகளுக்கே குறை வந்தது, குறையற்றவரின் கிளையில் அது மீண்டும் தலைகாட்டவே இல்லை என்பது அந்த மரத்தில் கண்கூடாகத் தெரிந்தது. பெற்றோரில் ஒருவரிடமிருந்து வரும் ஒற்றைப் பிறழ்வே நோய்க்குப் போதுமானதாக இருக்கும் ஓங்கு மரபு என்ற முறைக்கு மனிதரிடையே கிடைத்த தொன்மையான சான்றுகளுள் ஒன்றாக அது நிலைபெற்றது. நூகாரே குடும்பத்தின் குறை ஆர்.பி.யைப் போல வளர்வதன்று. பிறவியிலிருந்து சாவு வரை ஒரே அளவில் நின்றுவிடும் வகை. ரோடாப்சினிடமிருந்து செய்தியை வாங்கிக் கடத்தும் புரதத்தில் ஓர் அமினோ அமிலம் மாறியிருப்பதே காரணம் என்று அமெரிக்காவின் தாடியஸ் டிரைஜா குழுவினர் 1996-இல் கண்டறிந்தனர். இதே டிரைஜாவின் குழுதான் 1990-இல் ஆர்.பி.க்குக் காரணமான முதல் ரோடாப்சின் பிறழ்வையும் கண்டறிந்திருந்தது.

முந்நூறு ஆண்டுகளுக்கு முந்திய ஒரு கடைக்காரரின் கண்ணில் இருந்த பழுது, எந்த மரபணுவில் எந்த இடத்தில் என்று சொல்லும் அளவுக்கு விளங்கியதற்கு, பிறப்பையும் மணத்தையும் இறப்பையும் பெயர் பெயராக எழுதிவைத்த பதிவேடுகள் அடித்தளமாயின. அந்தப் பதிவுப் பழக்கத்தையே பிரெஞ்சு நிர்வாகம் காரைக்காலுக்கும் கொண்டுவந்தது. 1739-இல் தஞ்சை மராட்டிய அரசிடமிருந்து பிரெஞ்சுக்காரர் பெற்ற இவ்வூர், 1954 நவம்பர் 1 அன்று இந்திய நிர்வாகத்தின் கீழும், 1962 ஆகஸ்ட் 16 அன்று சட்டப்படி இந்தியாவோடும் சேர்ந்தது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து உள்ளூர் மக்களுக்கும் விரிந்த குடிமைப் பதிவில், மணமக்களின் பெயரோடு பெற்றோர் பெயர்களும் எழுதப்பட்டன. பிரெஞ்சுக் குடியுரிமைக்கும் ஓய்வூதியத்துக்கும் இன்றும் காரைக்கால் குடும்பங்கள் தேடி எடுக்கும் தாத்தா பாட்டியின் மணச் சான்றிதழ், யார் யாருக்கு என்ன உறவு என்பதைக் காட்டும் மருத்துவ ஆவணமும்கூட என்பது கவனிக்கப்படாமலே இருக்கிறது.

மணச் சட்டத்தைப் பொறுத்தவரை இந்தச் சிறு நிலம் ஒரு விந்தையான கலவை. 1819-ஆம் ஆண்டு ஒழுங்குமுறை அவரவர் சாதி வழக்கத்துக்கும் சமய நெறிக்கும் இடமளித்ததால், அக்காள் மகளைத் தாய்மாமன் மணப்பதும், அத்தை மகளும் மாமன் மகளும் உரிமைப் பெண்களாகக் கருதப்படுவதும் இந்துக் குடும்பங்களில் தடையின்றித் தொடர்ந்தன. இசுலாமியரிடையே மாமன்–மருமகள் மணம் விலக்கப்பட்டது. பெரியப்பா, சித்தப்பா மகளை மணப்பதற்குத் தடையில்லை. கத்தோலிக்கர் இத்தகைய நெருங்கிய உறவில் மணக்கத் திருச்சபையிடம் விலக்கு அனுமதி பெற வேண்டும். 1881-ஆம் ஆண்டு ஆணையின்படித் தம் வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தை ஏற்றவர்களுக்கு மாமன்–மருமகள் மணம் அச்சட்டத்தாலேயே தடைப்பட்டது. இந்து திருமணச் சட்டம் 1963-இல் இப்பகுதிக்கு நீட்டிக்கப்பட்டபோது அவ்வாறு துறந்தோர் அதன் வரம்புக்கு வெளியே விடப்பட்டனர்; அச்சட்டமும் வழக்கம் இருக்கும் இடத்தில் உறவு மணத்தை அனுமதிக்கவே செய்கிறது. ஆக, ஒரே தெருவில் அடுத்தடுத்த வீடுகளுக்கு வெவ்வேறு உறவு வரம்புகள் இருந்தன. 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி உறவுக்குள் மணந்த பெண்களின் விகிதம் இந்திய அளவில் 11 விழுக்காடு. தமிழ்நாட்டில் 28, புதுச்சேரியில் 19.

உறவு மணத்துக்கும் விழித்திரைக்கும் என்ன தொடர்பு என்பதை ஒரு கணக்கு விளக்கும். ஒவ்வொரு மரபணுவும் தந்தையிடமிருந்து ஒன்றும் தாயிடமிருந்து ஒன்றுமாக இரு படிகளில் இருக்கிறது. ஆர்.பி.யின் பல வகைகள் இரு படிகளும் பழுதானால் மட்டுமே வெளிப்படும். இது ஒடுங்கு மரபு. ஒரு படி மட்டும் பழுதானவர் நோயின்றி வாழ்வார், தாம் அதைச் சுமப்பதையும் அறியார். 100 பேரில் ஒருவர் இப்படிச் சுமக்கும் ஒரு பிறழ்வை எடுத்துக்கொண்டால், உறவற்ற இருவருக்குப் பிறக்கும் குழந்தைக்கு நோய் வர 40,000-இல் ஒரு வாய்ப்பு. அத்தை மகன்–மாமன் மகள் இணைக்கு ஏறத்தாழ 3,000-இல் ஒன்று. தாய்மாமன்–அக்காள் மகள் இணைக்கு ஏறத்தாழ 1,550-இல் ஒன்று. பொது மூதாதையர் ஒருவரின் ஒரே படி இருவழியாகவும் வந்து ஒரு குழந்தையில் சேரும் வாய்ப்பு முன்னதில் 16-இல் ஒன்று, பின்னதில் 8-இல் ஒன்று என்பதே இதன் அடிப்படை.

இந்த எண்களை மிரட்டலாகப் பயன்படுத்தும் மேடைப் பேச்சுகள் உண்மைக்கு நியாயம் செய்வதில்லை. 1,550-இல் ஒன்று என்பது மற்ற 1,549 குழந்தைகளுக்கு அந்த நோய் வராது என்பதும்தான். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் சுந்தர் ராவும் இன்பராஜும் வட ஆர்க்காடு மாவட்டத்தில் நடத்தி 1977-இல் வெளியிட்ட விரிவான ஆய்வில், உறவு மணத்தால் கருச்சிதைவோ குழந்தை இறப்போ பெரிதாகக் கூடியதாகத் தெரியவில்லை. நோயைக் கொண்டுவருவது மணமுறை மட்டும் என்பதும் சரியன்று. சில நூறு முன்னோரிலிருந்து பெருகித் தமக்குள்ளேயே மணந்துவந்த குழுவில், நேரடி உறவற்ற இருவர்கூடத் தொலைதூரப் பங்காளிகளாகவே இருப்பர். ஐதராபாத் உயிரணு மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தின் தங்கராசும் ஆர்வர்டின் டேவிட் ரைக்கும் இணைந்து 2017-இல் வெளியிட்ட ஆய்வில், 260-க்கும் மேற்பட்ட தெற்காசியக் குழுக்களில் 81 குழுக்களின் மரபணுப் பின்னணி, இவ்வகைக்கு உலகப் புகழ்பெற்ற பின்லாந்து மக்களைக் காட்டிலும் குறுகிய முன்னோர் தொகையைக் காட்டியது. அத்தைமகளை விட்டுவிட்டு அடுத்த ஊரில் அதே சாதியில் பெண் பார்ப்பது ஆபத்தைக் குறைக்குமே தவிர, அற்றுப்போகச் செய்யாது.

இந்தியக் குடும்பங்கள் விழித்திரை அறிவியலுக்கு அளித்தவையும் கணிசம். ரோடாப்சின் பிறழ்வுகள் பெரும்பாலும் ஓங்கு மரபாகவே காணப்பட்ட நிலையில், ஒடுங்கு மரபாக வரும் ஒரு ரோடாப்சின் பிறழ்வை இந்தியக் குடும்பம் ஒன்றில் கண்டு 1994-இல் அறிவித்தவர், பின்னாளில் சங்கர நேத்ராலயாவின் மரபியல் துறையில் பணியாற்றிய குமரமாணிக்கவேல். உடன் இருந்தவர் நியூசிலாந்தின் மைக்கேல் டென்டன். 1997-இல் டென்டன் குழுவினர், உறவு மணம் நிகழ்ந்த மற்றோர் இந்தியக் குடும்பத்தில், ரெட்டினலைச் சுழற்சியில் ஏந்திச் செல்லும் புரதத்தின் மரபணு பழுதாகியிருந்ததைக் கண்டனர். இரண்டு ஆண்டுகளில் அதே மரபணுவின் இன்னொரு பழுது வட சுவீடனின் பொத்னியா வளைகுடாக் கரையில், மக்கள் தமக்குள்ளேயே மணந்துவந்த ஊர்களில், குழந்தைப் பருவத்திலேயே தொடங்கும் மாலைக்கண்ணுக்குக் காரணம் என்று தெரியவந்தது. பனிக்கடல் ஊருக்கும் இந்தியக் குடும்பத்துக்கும் இரத்த உறவு இல்லை. சிறிய வட்டத்துக்குள் மணம் நடந்தது என்பதே பொது.

வம்சாவளியைப் படிப்பதில் தேர்ந்தவர்களையும் ஏமாற்றும் இடங்கள் உண்டு. நோயுள்ள ஒருவர், அதே பழுதின் ஒரு படியைச் சுமக்கும் உறவுப் பெண்ணை மணந்தால், பிள்ளைகளில் பாதிப் பேருக்கு நோய் வரலாம். தந்தைக்கும் மகனுக்கும் அடுத்தடுத்துத் தெரிவதால் ஒடுங்கு மரபு ஓங்கு மரபைப் போல வேடமிடுகிறது. எக்சு குரோமோசோம் வழி வரும் ஆர்.பி.யின் போக்கு வேறு: தாய்மார் சுமப்பர், மகன்களில் பாதிப் பேருக்கு நோய் வரும், தந்தை தம் மகனுக்கு அதைக் கொடுக்கவே மாட்டார். தாய்மாமனுக்கு இருந்தது மருமகனுக்கு வந்தது என்று வீட்டார் சொல்வது இந்த வகைக்கு உரிய அடையாளம். அந்தத் தாய்மாமனே அக்காள் மகளை மணந்து, அவளும் பழுதான படியைச் சுமந்தால், வழக்கமாகத் தப்பிவிடும் பெண் குழந்தைகளிலும் பாதிப் பேர் நோயுறுவர். இந்த நுணுக்கம் எதுவும் தெரியாத நிலையில், குறையுள்ள மகனைப் பெற்றவள் என்ற பழியை மருமகள் ஒருத்தியே சுமப்பதுதான் வீடுகளில் நடக்கிறது. ஒடுங்கு மரபில் கணவன் வழியும் மனைவி வழியும் சமப் பங்கு கொண்டவை என்பதை மருத்துவர் இருவரையும் உட்காரவைத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நோயை உறுதிசெய்ய, விழித்திரையின் மின்துடிப்பை அளக்கும் எலக்ட்ரோரெட்டினோகிராம் என்ற சோதனை உதவுகிறது. கோல்களின் துடிப்பு தணிவதை, வீட்டார் தடுமாற்றத்தைக் கவனிப்பதற்கு முன்பே அது காட்டிவிடும். ஆகவே ஒருவருக்கு நோய் உறுதியானால் உடன்பிறந்தோரையும் சோதிப்பது வழக்கம். ஆர்.பி.க்கு மட்டும் 80-க்கும் மேற்பட்ட மரபணுக்கள் காரணமாக அறியப்பட்டுள்ள நிலையில், எது என்பதை இரத்தத்தில் செய்யும் மரபணுச் சோதனையே சொல்லும். பிறவிச் செவிட்டுத்தன்மையோடு வந்தால் அது அஷர் நோய்க்கூட்டு. ஆறாவது விரலும் உடல் பருமனும் சேர்ந்திருந்தால் பார்டே–பீடில் நோய்க்கூட்டு என ஐயுற்றுச் சிறுநீரகத்தையும் பார்க்க வேண்டும். இக்கூட்டத்தில் அரிதான ரெஃப்சும் நோய் போன்ற சில மட்டுமே உணவுக் கட்டுப்பாட்டுக்கு இணங்குகின்றன.

மற்றவற்றுக்கு முழுத் தீர்வு இன்னும் எட்டவில்லை. ஆர்பிஇ65 என்ற மரபணுவின் இரு படிகளும் பழுதானவர்களுக்கு நல்ல படியைத் தீங்கற்ற வைரசு வழியாக விழித்திரைக்கு அடியில் செலுத்தும் லக்ஸ்டர்னா சிகிச்சை 2017 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அறிவிக்கப்பட்ட விலை ஒரு கண்ணுக்கு 4,25,000 டாலர். வேறு மரபணு பழுதானவருக்கு அதனால் பயனில்லை. உயிரோடிருக்கும் உயிரணுக்கள் மிச்சமிருந்தால்தான் ஆர்பிஇ65 நோயாளிக்கும் பலிக்கும். ஆர்.பி. நோயாளிகள் மிகுதியான வைட்டமின் ஏ உட்கொண்டால் சரிவு மெதுவாகும் என்று 1993-இல் பாஸ்டனில் வெளியான ஆய்வு நெடுநாள் நம்பிக்கை தந்தது. 2023-இல் அதே தரவுகளை மறுபகுப்பாய்வு செய்தபோது அந்தப் பலன் உறுதிப்படவில்லை. ஏபிசிஏ4 என்ற மரபணு பழுதான வகையில் கூடுதல் வைட்டமின் ஏ தீங்கே செய்யக்கூடும் என்பதால், எந்த மரபணு என்று தெரியாமல் மாத்திரையை அள்ளிப் போடுவது அறிவுடைமையாகாது. ஆனால் இந்நோயாளிகளுக்கு இளவயதிலேயே வரும் கண்புரையும், விழித்திரை நடுவில் சேரும் நீர்க்கட்டும் சிகிச்சைக்கு உரியவை. இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று சொல்லி அனுப்பப்பட்டவர்கள், ஆண்டுதோறும் மறுபரிசோதனைக்கு வராமல் இவற்றையும் இழக்கின்றனர்.

காரைக்காலிலிருந்து மேற்சோதனைக்குப் பலரும் செல்வது, ஏறத்தாழ 130 கிலோமீட்டர் வடக்கே புதுச்சேரியிலுள்ள ஜிப்மருக்கோ அரவிந்த் கண் மருத்துவமனைக்கோதான். அங்கே கேட்கப்படும் முதல் கேள்வி, பெற்றோர் உறவில் மணந்தவர்களா என்பதும், வீட்டில் வேறு யாருக்கு இரவில் கண் தெரியாது என்பதுமே. விடையாக மூன்று தலைமுறைப் பெயர்களை வரிசையாகச் சொல்ல முடிந்தவரின் சோதனை குறுகிய வழியில் போகும். எந்த மரபு முறை என்று தெரிந்தால், தேட வேண்டிய மரபணுக்களின் எண்ணிக்கையும் குறையும்.

உதவித்தொகை, ஒதுக்கீடு ஆகியவற்றுக்கான சான்றிதழில் இந்நோயாளிகள் சந்திக்கும் இடர் தனி வகை. எழுத்து அட்டையின் கடைசி வரியைப் பகலில் படித்துவிடும் ஆர்.பி. நோயாளிக்குப் பார்வைக் குறை இல்லை என்றே தோன்றும். ஆனால் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பார்வைக் கூர்மையை மட்டும் அளவுகோலாகக் கொள்ளவில்லை: அசையாமல் நேரே நோக்கும் கண்ணுக்குத் தெரியும் பரப்பான பார்வைப் புலம் 40 பாகைக்குக் கீழே குறைந்தால் குறைபார்வை என்றும், 10 பாகைக்குக் கீழே குறைந்தால் பார்வையின்மை என்றும் அது வரையறுக்கிறது. அட்டையை மட்டும் படிக்கச் சொல்லித் தரப்படும் சான்றில் இந்தக் குறை பதிவாகாது. பார்வைப் புலத்தை அளந்த தாள் விண்ணப்பத்தோடு இருந்தால்தான், அட்டையை முழுவதும் படித்தவர் சாலையைக் கடக்க முடியாதவர் என்பது மருத்துவக் குழுவின் மேசையில் தெரியும்.